ஆக்சிலுக்கு ஒரு இஞ்ச் தையல்

டேப் மாஸ்டருக்குச் செருப்பில்லாமல் தெருவுக்கு வரத் தெரியும். சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு வரத் தெரியும். கழுத்தில் இஞ்ச் டேப் இல்லாமல் மட்டும் வரத் தெரியாது. அவருடைய கல்யாணப் படத்தை உற்றுப் பார்த்தால் கோட்டுக் காலருக்குக் கீழே மஞ்சளாக ஒரு முனை எட்டிப் பார்க்கும். படம் எடுத்தவர் எடுத்துச் சொல்லியும் கழற்ற மறந்துவிட்டார். அன்றைக்கு மாட்டிக்கொண்ட பெயர்தான் இது.

வீட்டின் முன்னறைதான் கடை. இரண்டு தையல் மெஷின், நின்றுகொண்டே வெட்ட உயரமான ஒரு மேஜை, சுவரோரம் அளவு நோட்டுகள். கத்தரி பிடிக்க ஆரம்பித்து முப்பது வருஷமாகிறது. மேலே அரை இஞ்ச், கீழே அரை இஞ்ச் தையலுக்கு விடாமல் ஒரு துணியிலும் அந்தக் கத்தரி இறங்கியதில்லை. "தையல்ல பிழை வந்தா பிரிச்சுக்கலாம். வெட்டுல பிழை வந்தா அழுதுக்கத்தான் முடியும்" என்பார். வாடிக்கையாளர்கள் தலையாட்டுவார்கள். பதினாறாவது தடவை கேட்பவர்கள்கூட ஆட்டுவார்கள், ஏனென்றால் அவர் தைத்த சட்டை அக்குளில் பிடித்ததாக யாரும் சொன்னதில்லை.

பெருமை ஒரு பக்கம் இருக்கட்டும். அவருக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு பகை உண்டு, அது ஒரு தச்சர்மேல். ஒன்பது வருஷத்துக்கு முன் அடுப்பங்கரையில் ஜன்னலுக்கும் மூலைக்கும் நடுவே வைக்க ஓர் அலமாரி செய்யச் சொன்னார். அளவை அவரே எடுத்து எழுதிக் கொடுத்தார். வந்த அலமாரி ஒரு இஞ்ச் பெரிசு. உள்ளே போகாமல் ஜன்னல் சட்டத்தை இடித்துக்கொண்டு கோணலாக நின்றது, இன்னும் அப்படியேதான் நிற்கிறது. ஜன்னல் கதவு பாதிதான் திறக்கும். டீ போடப் போகும்போதெல்லாம் மாஸ்டர் அந்தத் தச்சரை ஒரு வாய் திட்டிவிட்டுத்தான் அடுப்பைப் பற்றவைப்பார்.

வீட்டில் ஆணி அடிப்பது, ஃபியூஸ் போடுவது, வண்டி ஓட்டுவது எல்லாம் மனைவிதான். அவர் அரசாங்க நர்ஸ். தெருவே நர்சம்மா என்று கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு வெளியாட்கள் முன்னால் மாஸ்டரும் அப்படியே சொல்லப் பழகிவிட்டார். ஒரு வாரம் விட்டு ஒரு வாரம், திங்கட்கிழமை காலையில், தடுப்பூசிப் பெட்டியை ஏற்றிக்கொண்டு நர்சம்மா மலைக்குப் போவார். மேலே மூன்று குடியிருப்புகள். பாதை என்று சொன்னால் பாதை கோபித்துக்கொள்ளும், பாதியில் மண்ணும் மீதியில் பாறையும்தான். சாதாரண வண்டி ஏறாது. அதற்காகவே ஏலத்தில் பழைய பிக்கப் ஒன்றை எடுத்தார். நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி அது. கியர் கம்பிக்குப் பக்கத்தில் குட்டையாக இன்னொரு லீவர் இருக்கும். அதை இழுத்தால்தான் முன் சக்கரங்களும் வேலைக்கு வரும்.

இந்த மலைப் பயணத்தை ஆரம்பித்தவரே நர்சம்மாதான். ஆபீசுக்குப் புதிதாக வந்த அதிகாரிக்கு அது பிடிக்கவில்லை. ஒரு தடவை தவறினால் போதும், மேலே போவதை நிறுத்திவிட்டு மலையில் இருப்பவர்களைக் கீழே வரச்சொல்லிவிடலாம் என்று காத்துக்கொண்டிருந்தார். கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நாலு மணி நேரம் யார் இறங்கி வருவார்கள்? யாரும் வரமாட்டார்கள் என்று அதிகாரிக்கும் தெரியும், நர்சம்மாவுக்கும் தெரியும். அதனால்தான் காய்ச்சலிலும் மழையிலும் அவர் ஒரு திங்கட்கிழமையைக்கூட விட்டதில்லை.

அந்த வாரம் நர்சம்மா நாலு நாள் பயிற்சி வகுப்புக்கு வெளியூர் போயிருந்தார். புதன்கிழமை போனவர் ஞாயிறு மாலை திரும்புவதாக ஏற்பாடு, திங்கள் காலை மலை. வண்டிச் சாவி ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. சும்மா தொங்குகிற சாவி ஒரு மனிதனை என்ன பாடு படுத்தும் என்று தொங்கவிட்டவர்களுக்குத் தெரிவதில்லை.

புதன் மதியம் ஒரு கட்டுத் துணி எடுத்துவர வேண்டியிருந்தது. ஆட்டோ பிடித்தால் முடிகிற வேலை. மாஸ்டர் சாவியை எடுத்தார். கூட வந்தது மச்சான், நர்சம்மாவின் தம்பி. லிஃப்ட் மெக்கானிக். தொழில் புத்தியோ என்னவோ, எதைப் பார்த்தாலும் அந்தப் பட்டனை அமுக்கினால் என்ன ஆகும் என்று கேட்பான்.

திரும்பி வந்து வீட்டு கேட்டுக்கு முன்னால் திருப்பும்போது கேட்டான்.

"மாமா, இந்தக் குட்டை லீவர் எதுக்கு?"

தெரியாது என்று சொல்லியிருந்தால் இந்தக் கதையே இல்லை. "இதுவா? இத இழுத்தா செவுத்துலயே ஏறும்" என்று மாஸ்டர் இழுத்துக் காட்டினார். ஸ்டீயரிங் முழுக்கத் திரும்பியிருக்கிறது. முன் சக்கரம் சாக்கடையின் சிமெண்ட் விளிம்பில் முட்டிக்கொண்டு நிற்கிறது. ஆக்சிலேட்டரை ஒரே மிதி மிதித்தார். சக்கரம் ஏறவில்லை, அடியில் ஏதோ 'டமார்' என்றது. அதற்குப் பிறகு எவ்வளவு மிதித்தாலும் கட கடவென்று சத்தம்தான் வந்தது.

எதிர்வீட்டு மாடியிலிருந்து இரண்டு தலைகள் எட்டிப் பார்த்தன. மாஸ்டர் இறங்கி, எல்லாம் திட்டப்படிதான் நடக்கிறது என்பதுபோல் சக்கரத்தைத் தட்டிக் கொடுத்தார். அசடு வழிவதிலும் ஒரு நேர்த்தி வேண்டும், அது அவரிடம் இருந்தது.

மச்சான் கீழே குனிந்து பார்த்துவிட்டு வந்தான். "முன் ஆக்சில் போயிடுச்சு மாமா."

"மெதுவாப் பேசு."

குட்டை லீவரைப் பழையபடி தள்ளி, முன் சக்கரங்களை ஆக்சிலோடு சேர்க்கும் பூட்டைத் திருகி விடுவித்ததும் வண்டி ஒன்றுமே நடக்காததுபோல் பின் சக்கரங்களில் ஓடி வாசலுக்குள் வந்து நின்றது. அதைப் பார்த்ததும் மச்சானுக்கு ஒரு யோசனை உதித்தது.

"ரோட்டுல நல்லாத்தானே ஓடுது. பேசாம விட்டுடுவோம். அக்கா மலைக்குப் போறப்ப அதுவா ஒடஞ்சதுன்னு நெனச்சுக்கும்."

மாஸ்டர் அவனைப் பார்த்த பார்வையில் அவன் அந்த யோசனையை அங்கேயே விழுங்கிவிட்டான். மலையில் மூன்றாவது வளைவு என்று ஒன்று உண்டு. ஒரு பக்கம் பாறை, இன்னொரு பக்கம் ஒன்றுமே இல்லை. மாஸ்டர் ஒரே ஒரு தடவை கூடப் போயிருக்கிறார், அந்த இடத்தைக் கண்ணை மூடிக்கொண்டுதான் கடந்தார். ஈர மண்ணில் அங்கே முன் சக்கரம் இழுக்காமல் போனால் வண்டி எந்தப் பக்கம் நழுவும் என்று அவருக்குத் தெரியும்.

"ஞாயித்துக்கிழமைக்குள்ள நாமளே சரி பண்ணிடுவோம். அவளுக்குத் தெரிய வேண்டாம்" என்றார்.

அதாவது, ஆபத்தை மறைக்கிற துணிச்சல் அவருக்கு இல்லை, அசட்டுத்தனத்தை ஒப்புக்கொள்கிற துணிச்சலும் இல்லை. இரண்டுக்கும் நடுவே ஒரு ஜாக்கியை வைத்தார்.

வியாழக்கிழமை கடைக் கதவில் 'விடுமுறை' அட்டை தொங்கியது. வண்டியைத் தூக்கி நிறுத்துவதை மச்சான் எடுத்துக்கொண்டான். ஏற்றுவதும் இறக்குவதும்தான் அவனுக்குச் சோறு போடுகிறது, அதில் விளையாட மாட்டான். ஜாக்கியை மட்டும் நம்பிக் கீழே படுக்கக் கூடாது என்று இரும்பு ஸ்டாண்டுகள் கொண்டுவந்து முட்டுக் கொடுத்து, பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, ஆட்டிப் பார்த்த பிறகுதான் மாமாவை உள்ளே விட்டான்.

கழற்றுவது மாஸ்டருடைய பங்கு. பாராட்டியே ஆக வேண்டும், மனிதர் அழகாகக் கழற்றினார். கழற்றிய ஒவ்வொரு நட்டும் போல்ட்டும் ஒரு பொத்தான் டப்பாவுக்குள் போனது. டப்பாமேல் சாக்பீஸால் ஒன்று, இரண்டு என்று எண். சக்கரம், பிரேக், பிரேக்குக்குப் பின்னால் சக்கரம் சுற்றுகிற குடம், அதன் பேரிங், எல்லாம் பழைய போர்வைமேல் வரிசையாக உட்கார்ந்தன. பிரேக் பெட்டி அதன் ரப்பர் குழாயில் தொங்கினால் குழாய் கெட்டுவிடும் என்று கேன்வாஸ் நாடா போட்டு ஸ்பிரிங்கில் கட்டினார். கடைசியில் மச்சான் இழுக்க, கறுப்பு எண்ணெய் சொட்டச் சொட்ட நீளமான தண்டு ஒன்று வெளியே வந்தது. அதன் முனையில் இணைப்பைப் பிடித்துக்கொள்ளும் இரண்டு காதுகளில் ஒன்று பிய்ந்து போயிருந்தது.

"இதான் ஆக்சில் தண்டா? ஒரு காதுதான போச்சு, ஒட்டவெக்க முடியாதா?" என்றார் மாஸ்டர்.

"கிழிஞ்ச சட்டையா மாமா இது, ஒட்டுப் போட? வேற தண்டுதான்."

புதுசு வர மூன்று வாரமாகும் என்றார்கள். ஒரு மணி நேரப் பயணத்தில், மெயின் ரோட்டோரம் பழைய வண்டிகளை உடைத்து விற்கும் யார்டு ஒன்று இருந்தது. மாஸ்டர் போன் போட்டார்.

"இதுல மூணு நாலு மாடல் இருக்கு. எல்லாத்துக்கும் முனைப் பல்லு ஒண்ணுதான், நீளம்தான் மாறும். அளந்து சொல்லுங்க" என்றார் யார்டுக்காரர்.

அளப்பதா? அதை யாரிடம் கேட்கிறார்! மாஸ்டர் கழுத்திலிருந்து டேப்பை உருவி, தண்டை முனையிலிருந்து இணைப்பு வரைக்கும் மூன்று தடவை அளந்து, அளவு நோட்டில் பென்சிலால் எழுதி, அதைப் பார்த்துச் சொன்னார். யார்டுக்காரர் இணைப்போடு சேர்த்தே ஒரு தண்டைச் சாக்கில் சுற்றிப் பஸ்ஸில் போட்டுவிட்டார். சனி மாலை வந்து சேர்ந்தது. இரண்டு பேரும் புது எண்ணெய், புது கிரீஸ் எல்லாம் வாங்கி வைத்துக்கொண்டு ஞாயிறு காலை ஏழு மணிக்கே ஆரம்பித்தார்கள்.

தண்டு உள்ளே போனது. நன்றாகத்தான் போனது. கடைசியில் குடத்தை வைத்துப் பூட்டப் போனால் பூட்ட வரவில்லை. பெருவிரல் கனத்துக்கு இடைவெளி நின்றது. வெளியே இழுத்துத் துடைத்து மறுபடி தள்ளினார்கள், அதே இடைவெளி. மச்சான் மரச் சுத்தியலால் தட்டினான். உள்ளே டங்கென்று முட்டியது.

பழைய தண்டையும் புதுத் தண்டையும் போர்வைமேல் பக்கத்தில் பக்கத்தில் படுக்கவைத்தான் மச்சான். புதுசு ஒரு இஞ்ச் நீளம்.

மாஸ்டர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. போனை எடுத்தார். "என்னங்க, அளவு சொல்லித்தான கேட்டேன்? தப்பா அனுப்பிட்டீங்களே!"

"முப்பது இஞ்ச்னு சொன்னீங்க. செவுத்துலயே எழுதி வெச்சிருக்கேன் சார். முப்பதுதான் அனுப்பினேன், அளந்து பாருங்க."

அளந்து பார்த்தார். முப்பதுதான். பழையதை அளந்து பார்த்தார். இருபத்தொன்பது. அளவு நோட்டைத் திறந்தார். அவருடைய கையெழுத்திலேயே இருந்தது: இருபத்தொன்பது, அதன் கீழே மேல் அரை, கீழ் அரை, கோடு போட்டு, மொத்தம் முப்பது.

மச்சான் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தான். கொஞ்ச நேரம் அவனுக்குப் புரியவில்லை. புரிந்ததும் ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"மாமா... இரும்புக்குத் தையலுக்கு விட்டீங்களா?"

முப்பது வருஷப் பழக்கம். கை தன்னால் கூட்டிவிட்டது, மனசுக்குச் சேதியே சொல்லவில்லை. மாஸ்டருக்குச் சிரிப்பு வரவில்லை. மணி பத்தாகியிருந்தது. இன்னொரு தண்டு அனுப்பச் சொன்னால் பார்சல் ஏற்றும் பஸ் ஞாயிற்றுக்கிழமை கிடையாது. யார்டு மதியம் ஒரு மணிக்கு மூடிவிடும். போய் எடுத்துவரலாம் என்றால் ஞாயிற்றுக்கிழமை அந்தப் பக்கம் பஸ் மதியத்துக்குமேல்தான், ஆட்டோ அவ்வளவு தூரம் வராது. மச்சானின் பைக் போன வாரமே வொர்க்‌ஷாப்பில் படுத்துவிட்டது. அந்த ரோட்டில், அந்த யார்டைத் தாண்டி, அன்றைக்கு வரப்போகிற ஒரே ஆள் நர்சம்மாதான்.

மாஸ்டர் போனைக் கையில் வைத்துக்கொண்டு வாசலுக்கும் வெட்டுமேஜைக்கும் நாலு தடவை நடந்தார். அவர் மனைவிக்குப் பயந்தவர் இல்லை. மனைவி தன்னைப்பற்றி வைத்திருக்கும் மதிப்பு குறைந்துவிடுமோ என்று பயந்தவர். இரண்டும் ஒன்றுதானே என்று மச்சான் கேட்டால் இல்லை என்பார். ஐந்தாவது தடவை நடக்கும்போது போன் தானாகவே அடித்தது.

"என்னங்க, வகுப்பு சீக்கிரம் முடிஞ்சிருச்சு. பஸ் ஏறிட்டேன்."

"நல்லது. நல்லது. வர்ற வழியில மெயின் ரோட்டோரம் பழைய வண்டி ஒடைக்கிற யார்டு ஒண்ணு இருக்குல்ல..."

"வண்டிய என்ன பண்ணீங்க?"

சொல்லிவிட்டார். லீவர், சாக்கடை, டமார், தண்டு, முப்பது இஞ்ச், எல்லாவற்றையும் மூச்சு விடாமல் சொல்லிவிட்டார்.

"வாய் நெறைய திட்டணும்போல இருக்கு. பக்கத்துல ஆள் உக்காந்திருக்காங்க. வீட்டுக்கு வந்து திட்டுறேன். இப்ப அளவு சொல்லுங்க."

"முப்..."

"தையலுக்கு விடாம சொல்லுங்க."

"இருபத்தொம்பது."

"சரி." வைக்கப் போனவர் வைக்கவில்லை. "ஏங்க, அப்ப அந்த அடுப்பங்கரை அலமாரி?"

ஒன்பது வருஷமாகத் திட்டிய திட்டெல்லாம் தச்சரிடமிருந்து கிளம்பி அவர் தலையில் வந்து இறங்கியது.

மூன்று மணிக்கு நர்சம்மா தெருமுனையில் இறங்கினார். ஒரு கையில் பை, தோளில் பயிற்சி வகுப்பில் கொடுத்த பேனர் துணியில் சுற்றிய தண்டு. புடவையில் தோள்பட்டையிலிருந்து முழங்கை வரை கிரீஸ். சொன்ன சொல் தவறாதவர், வாசற்படியில் நின்றபடியே திட்டினார். தம்பிக்கும் ஒரு பங்கு கிடைத்தது. எதிர்வீட்டு மாடியில் இந்தத் தடவை நாலு தலைகள். திட்டி முடித்ததும் தண்ணீர் குடித்துவிட்டுப் பழைய சுடிதாரை மாட்டிக்கொண்டு வந்தார்.

"ம்ம், தள்ளுங்க. யாரு எங்க நிக்கணும்?"

கடைசி வேலைதான் சிரமம். தண்டு உள்ளே போகும் குழாயில் மெல்லிய ரப்பர் சீல் ஒன்று இருக்கிறது. தண்டின் பல் அதில் லேசாக உரசினாலும் கிழிந்து எண்ணெய் ஒழுகும். மச்சான் கனத்தைத் தாங்கிக்கொண்டான். நர்சம்மா எதிர்ப்பக்கச் சக்கரத்தை இம்மி இம்மியாகத் திருப்பினார். மாஸ்டர் படுத்துக்கொண்டு, இரண்டு விரல்களால் முனையைப் பிடித்து, ஊசியில் நூல் கோக்கிற மாதிரி, சீலில் படாமல் உள்ளே செலுத்தினார். அந்த வேலைக்கு அந்த விரல்களை விட்டால் தெருவில் வேறு விரல்கள் கிடையாது. 'டொக்' என்று பல்லில் பல் உட்கார்ந்தது. குடம் இடைவெளியில்லாமல் பொருந்தியது. பிறகு பொத்தான் டப்பாக்கள் கடைசி எண்ணிலிருந்து ஒன்று வரைக்கும் காலியாயின. ஒரு நட்டுகூட மிஞ்சவில்லை.

வெளிச்சம் இருக்கும்போதே வீட்டுக்குப் பின்னால் உள்ள மண்மேட்டில் நர்சம்மா ஏற்றிப் பார்த்தார். நாலு சக்கரமும் மண்ணை வாரிக்கொண்டு ஏறின. இறங்கி வந்தவர் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"ரோட்டுல நல்லாத்தான ஓடிருக்கு. சொல்லாம விட்டிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்காதே?"

மச்சான் வானத்தைப் பார்த்தான்.

"மூணாவது வளைவு இருக்குல்ல" என்றார் மாஸ்டர். குனிந்து டயரில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட ஆரம்பித்தார்.

திங்கள் காலை ஆறு மணிக்கு வண்டி கிளம்பியது. மேலே போய்ச் சேர மூன்றரை மணி நேரம். கடைசிக் குடியிருப்பில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றால் மட்டும் போன் எடுக்கும். பத்து மணிக்குள் அங்கிருந்து கூப்பிடுவதாகச் சொல்லியிருந்தார். பத்தடித்தது. பத்தரையானது. எத்தனையோ திங்கட்கிழமைகளில் நர்சம்மா போய்வந்திருக்கிறார், மாஸ்டர் ஒருநாளும் கடிகாரத்தைப் பார்த்ததில்லை. இன்றைக்கு மேலே ஏறிக்கொண்டிருப்பது அவர் கை வைத்த வண்டி. ஒவ்வொரு நட்டாக மனசுக்குள் மறுபடி முடுக்கிப் பார்த்தார். ஏழாம் நம்பர் டப்பாவை முடுக்கியது நினைவிருந்தது, எட்டாம் நம்பர் நினைவுக்கு வர மறுத்தது.

பதினோரு மணிக்குமேல் சும்மா உட்கார முடியவில்லை. நாலு நாள் உழைத்ததற்கு மச்சானுக்கு ஒரு சட்டை தைத்துத் தருவதாகச் சொல்லியிருந்தார். துணியை விரித்தார், வெட்டினார். மெஷினில் உட்கார்ந்து ஓட்டவும் ஆரம்பித்தார்.

பன்னிரண்டுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது போன் வந்தது.

"தொட்டிகிட்ட இப்பத்தான் வர முடிஞ்சது. மூணு எடத்துலயும் சேத்து முப்பத்தெட்டு கொழந்தைங்க, எல்லாருக்கும் போட்டாச்சு. மூணாவது வளைவுல மழைத் தண்ணி நின்னுச்சு. பூ மாதிரி ஏறிடுச்சுங்க."

"அப்படியா? சரி சரி. எனக்கு இங்க தலைக்கு மேல வேலை" என்று போனை வைத்த மாஸ்டர், மெஷின்மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டார்.

மாலையில் நர்சம்மா திரும்பியபோது முன்னறையில் மச்சான் புதுச் சட்டைக்குள் மாட்டிக்கொண்டு நின்றான். கைகள் இரண்டும் பக்கவாட்டில் விறைத்திருந்தன. பொத்தானுக்கும் காஜாவுக்கும் நடுவே நாலு விரல் போகலாம்.

"நல்லா மூச்ச இழுத்துப் பிடி. சேந்துரும்" என்று மாஸ்டர் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

நர்சம்மா சட்டையின் ஓரத்தைப் புரட்டிப் பார்த்தார். உள்ளே, தையலுக்கு அந்தப் பக்கம், ஒரு நூல் துணிகூட இல்லை. உடம்பளவுக்கு அப்படியே வெட்டி, அதிலேயே பிடித்துத் தைத்திருந்தது.

"இத எப்ப வெட்டுனீங்க?"

"காலையிலதான்."

"காலையில எப்ப?"

"பதினோரு மணிக்கு மேல" என்றார் மாஸ்டர், டேப்பின் நுனியைப் பார்த்துக்கொண்டு.

முப்பது வருஷத்தில் முதல் தடவை. நர்சம்மாவுக்குத் திட்டும் வரவில்லை, சிரிப்பும் வரவில்லை, கண்தான் கலங்கியது. வண்டிச் சாவியை ஆணியில் மாட்டப் போனவர் மாட்டாமல், வெட்டுமேஜைமேல் கத்தரிக்குப் பக்கத்தில் வைத்தார்.

"அடுத்த தடவை நீங்களும் கூட வாங்க. நான் போன் பண்ற வரைக்கும் உங்க கையில கத்தரி இருக்கறது துணிக்கு நல்லதில்ல."

மாஸ்டர் தலையாட்டினார். வளைவில் கண்ணை மூடிக்கொள்ளலாமா என்று கேட்க நினைத்து, பிறகு கேட்டுக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்.

"அக்கா, பேசி முடிச்சாச்சுன்னா என்னை இதுலேருந்து வெளிய எடுங்க" என்றான் மச்சான்.